வாசகர் கேள்வி – பதில்: கோபுரத்தில் ஏறிய ஆன்டெனா அசையாமல் நிற்க

அமெச்சூர் ரேடியோ ரிப்பீட்டர் அமைப்பது குறித்து இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஆன்டெனாவைக் கோபுரத்தில் பொருத்துவதைப் பற்றியே இருந்தன. ஓர் அலைவரிசையில் கேட்பதை அதே கணத்தில் மற்றோர் அலைவரிசையில் திரும்ப அனுப்புவதே ரிப்பீட்டரின் வேலை. கையடக்கக் கருவியின் 5 வாட் குரலை ஒரு மாவட்டம் முழுவதும் கேட்கச் செய்வது அதுதான். கீழே அறைக்குள் இருக்கும் கருவியைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசுகிறார்கள். மேலே இருக்கும் கிளாம்ப்பைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கடலூர் வாசகர்

கேள்வி: ஐயா, எங்கள் குழு 30 மீட்டர் உயரமுள்ள நான்கு கால் இரும்புக் கோபுரத்தின் உச்சிக்கருகே, பக்கவாட்டில் நீட்டிய கையில் 5 மீட்டர் நீளமுள்ள ஃபைபர்கிளாஸ் ஆன்டெனாவைப் பொருத்தியிருக்கிறது. சாதாரணக் காற்றிலேயே நுனி பெரிதும் ஆடுகிறது. புயலைத் தாங்குமா? மேல்நுனியை ஒரு ஜி.ஐ. கம்பியால் கோபுரத்தோடு கட்டிவிடலாமா?

பதில்: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தது உங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் என்பதால், இந்தக் கேள்வியை நீங்கள் எவ்வளவு அக்கறையோடு கேட்டிருப்பீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கட்டுமானங்களின் மீதான காற்றுச் சுமைக்கு நம் நாட்டில் பின்பற்றப்படும் ஐ.எஸ். 875, பகுதி 3, சென்னை, புதுச்சேரி ஆகிய கடலோர ஊர்களுக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர், என்று வைத்திருக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்பது கிடைத்துவிடும். 50 மீட்டர் வேகத்துக்கு அது 1500 நியூட்டன். உங்கள் ஆன்டெனாவின் விட்டம் சுமார் 5 சென்டிமீட்டர் என்று கொண்டால் காற்றுக்கு முகம் கொடுக்கும் பரப்பு கால் சதுர மீட்டர்; வடிவத்துக்கான குணகத்தை 1 என்றே வைத்துக்கொண்டால் தள்ளுவிசை 375 நியூட்டன், ஏறத்தாழ 38 கிலோ எடை. காற்று அதில் பாதி வேகத்தில் வீசினால் விசை பாதியாவதில்லை, நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. சாதாரண நாளில் நன்றாக நிற்கும் பொருத்துதல் புயல் நாளில் ஏன் மொத்தமாகப் பெயர்ந்துவிடுகிறது என்பதற்கு இந்த வர்க்கக் கணக்கே காரணம்.

இந்த 38 கிலோவைக் கிளாம்ப்புகள் நேராகச் சுமப்பதில்லை என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி. ஆன்டெனா அடியில் மட்டும் பிடிக்கப்பட்டு மேலே 5 மீட்டர் நீண்டு நிற்பதால், அது ஒரு நெம்புகோலைப் போல் கிளாம்ப்பைத் திருகுகிறது. இரண்டு கிளாம்ப்புகளுக்கும் இடையில் 30 சென்டிமீட்டர் மட்டுமே விட்டிருந்தால் ஒவ்வொன்றின் மீதும் சுமார் 320 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். அதே இடைவெளியை 90 சென்டிமீட்டராக்கினால் அது சுமார் 106 கிலோவாகக் குறைந்துவிடும். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமல் மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கக்கூடிய சுமையைப் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இத்துடன், நிலத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில் காற்று வேகம் திறந்தவெளியில் 1.12 மடங்காகிறது என்பதையும், 2015 ஆம் ஆண்டுத் திருத்தம் கிழக்குக் கடற்கரையில் புயலுக்குப் பின் உடனடியாகத் தேவைப்படும் கட்டுமானங்களுக்கு வேகத்தை மேலும் 1.30 ஆல் பெருக்கச் சொல்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தகவல் தொடர்புக் கோபுரங்கள் அந்த வகையில் வருகின்றன. இரண்டையும் சேர்த்தால் அழுத்தம் சதுர மீட்டருக்கு 3180 நியூட்டனாக, அதாவது முதலில் சொன்னதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக, உயர்கிறது. புயலின்போது பேசுவதற்காகவே ரிப்பீட்டர் அமைக்கிறோம் என்றால் இந்தப் பெரிய எண்ணுக்கே நாம் கட்டுமானம் செய்ய வேண்டும்.

நான் செய்யச் சொல்வது இதுதான். கோபுரத்தின் ஒரே காலில், குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளியில், இரண்டு பக்கவாட்டுக் கைகளைப் பொருத்தி, அவற்றின் நுனியில் கனமான ஒரு ஜி.ஐ. பைப்பைச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஆன்டெனாவின் அடியிலுள்ள உலோகக் குழாயை அந்தப் பைப்பில் பிணையுங்கள். கையைக் கோபுரத்தின் பிரதானக் காலில் மட்டுமே மாட்ட வேண்டும். குறுக்குக் கம்பிகள் அவற்றின் நீளவாக்கில் வரும் இழுவிசையையும் அமுக்கத்தையும் தாங்குவதற்காக அமைந்தவை, நடுவில் பிடித்து முறுக்குவதை அவை பொறுக்கா. யூ போல்ட்டின் வளைவு, பைப்பின் விட்டத்தோடு சரியாகப் பொருந்த வேண்டும். பெரிய யூ போல்ட்டைப் போட்டு இறுக்கினால் இரண்டு புள்ளிகளில் மட்டுமே பிடித்து, சில மாதங்களில் பைப் சுழலத் தொடங்கிவிடும்.

மேல்நுனியை ஜி.ஐ. கம்பியால் கட்டும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். இந்த ஆன்டெனா தன் முழு நீளத்திலும் கதிர்வீசுகிறது. அருகில் சாய்வாக ஓர் உலோகக் கம்பி சென்றால் அதிலும் மின்னோட்டம் தூண்டப்பட்டு இசைவு கெடும். கம்பி உரசும் இடத்தில் பிறக்கும் இரைச்சலைப் பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன். அதற்குப் பதிலாக, ஆன்டெனாவின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், ஃபைபர்கிளாஸ் குழாயாலான மற்றொரு கையைக் கோபுரத்திலிருந்து நீட்டி, அதன் முனையில் ரப்பர் உறையிட்ட வளையம் ஒன்றால் ஆன்டெனாவைத் தாங்குங்கள். இதற்கு ஆன்டெனாவின் அந்தப் பகுதிக்கு நேரே கோபுரமும் இருக்க வேண்டுமாகையால், மொத்த ஆன்டெனாவையும் சில மீட்டர் கீழே இறக்க வேண்டியிருக்கும், தயங்காமல் இறக்குங்கள். அந்த வளையம் ஆன்டெனாவை நெரிக்கக் கூடாது, அதிகம் ஆடவிடாமல் அணைத்துப் பிடித்தால் போதும். ஃபைபர்கிளாஸ் உறையின் மீது உலோகக் கிளாம்ப்பை இறுக்கினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, அடுத்த மழையில் உள்ளே நீர் இறங்கும். கயிறு கட்டியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் பாலியெஸ்டர் கயிற்றைப் பயன்படுத்துங்கள். நைலான் கயிறு நனைந்தாலும் இழுத்தாலும் நீண்டுபோகும். பாலிப்ரொப்பிலீன் கயிறு நம் வெயிலில் சீக்கிரமே பொடிந்துபோகும்.

கோயம்புத்தூர் வாசகர்

கேள்வி: எங்கள் ரிப்பீட்டரைப் பொள்ளாச்சியில் தெளிவாகக் கேட்க முடிகிறது, மேட்டுப்பாளையத்தில் சரியாகக் கேட்பதில்லை. ஆன்டெனா கோபுரத்தின் தெற்குக் காலில் இருக்கிறது. இது மலைகளால் வரும் குறையா?

பதில்: மலைகளைக் குறை சொல்வதற்கு முன் கோபுரத்தைப் பாருங்கள். பொள்ளாச்சி உங்களுக்குத் தெற்கே, மேட்டுப்பாளையம் வடக்கே. ஆன்டெனாவுக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் உங்கள் கோபுரமே இரும்புச் சுவராக நிற்கிறது. 145 மெகா ஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 2.07 மீட்டர். ஆன்டெனா கோபுரக் காலிலிருந்து கால் அலைநீளம், அதாவது 52 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், கால் ஒரு பிரதிபலிப்பானாகி முன்பக்கம் வலுவையும் பின்பக்கம் பள்ளத்தையும் உண்டாக்குகிறது. அரை அலைநீளம், அதாவது 1.03 மீட்டர் தள்ளினால், முன்பக்கத்து வலு குறைந்து இரு பக்கவாட்டுத் திசைகளில் வலு கூடுகிறது. அகன்ற கோபுரமாக இருந்தால் பின்பக்கத்து நிழல் எந்தத் தூரத்திலும் முழுமையாக மறைவதில்லை. ஆக, பக்கவாட்டில் பொருத்தும்போது எந்தத் திசையில் மக்கள் அதிகம் பேசுகிறார்கள் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுக் காலையும் தூரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்; காலியாக இருந்த காலில் மாட்டிவிட்டுப் பிறகு வருந்துவதே பெரும்பாலும் நடக்கிறது.

உங்களுக்கு என் சொந்தப் பரிந்துரை, மடித்த குழாய் வளையம் போன்ற டைபோல் எனும் உறுப்புகள் நான்கைக் கொண்ட வரிசை ஆன்டெனா. நான்கு டைபோல்களையும் ஒரே பக்கமாகத் திருப்பினால் அந்தத் திசையில் சுமார் 9 டெசிபெல் (ஆற்றல் விகிதத்தைச் சொல்லும் அலகு) ஆதாயமும், நான்கு திசைகளிலும் பிரித்துவைத்தால் சுற்றிலும் சுமார் 6 டெசிபெல் ஆதாயமும் கிடைக்கும். நிலைப்பாட்டை வைத்துப் பார்த்தாலும் எனக்கு இதுவே பிடித்தமானது. ஏனெனில் இதன் நடுத்தண்டு உலோகக் குழாய், டைபோல்களுக்கு இடைப்பட்ட இடத்தில் அதை அடியிலும் மேலேயும் இரும்புக் கைகளால் பிடிக்க முடியும். ஃபைபர்கிளாஸ் ஆன்டெனாவுக்கு அந்த வசதி இல்லை. டைபோல் வரிசை 6 மீட்டருக்கும் மேல் நீளமானது, எடையும் காற்றுப் பரப்பும் கூடுதல் என்பதை மட்டும் கோபுரத்தின் தாங்குதிறனோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரல்வாய்மொழி வாசகர்

கேள்வி: ஆடி மாதக் காற்று தொடங்கினால் எங்கள் ரிப்பீட்டரில் கரகரவென்ற இரைச்சல் வந்து தூரத்து நிலையங்கள் அமுங்கிவிடுகின்றன. காற்று ஓய்ந்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. கருவியை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டோம்.

பதில்: கருவியில் குறை இருந்தால் அதற்கு ஆடி மாதம் தெரியாது. காற்றோடு வந்து காற்றோடு போகும் இரைச்சலுக்குக் காரணம் காற்றில் அசையும் ஏதோ ஒரு பொருளில்தான் இருக்கிறது. காற்றாலைகளுக்குப் பெயர்பெற்ற முப்பந்தலை அடுத்திருக்கும் உங்கள் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று மாதக்கணக்கில் ஒரே திசையில் வீசுவதால், நாட்டின் பிற இடங்களில் ஆண்டுக்கணக்கில் வெளிப்படாத தளர்வு உங்களிடம் ஒரே பருவத்தில் வெளிப்பட்டுவிடுகிறது.

ரிப்பீட்டர் எவ்வளவு நுட்பமான சமநிலையில் இயங்குகிறது என்பதை ஓர் எண்ணால் சொல்கிறேன். உங்கள் டிரான்ஸ்மிட்டர் 25 வாட் அனுப்புகிறது. உங்கள் ரிசீவரோ 0.2 மைக்ரோவோல்ட் அளவுள்ள சிக்னலைக் கேட்க முயல்கிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் 3 என்ற எண்ணுக்குப் பின் 16 சுழியங்கள், அதாவது சுமார் 165 டெசிபெல். இரண்டும் ஒரே ஆன்டெனாவில், வெறும் 600 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில், ஒரே நேரத்தில் நடக்கின்றன. டூப்ளெக்சர் எனும் வடிப்பான் கருவி இவற்றைப் பிரித்துவைக்கிறது. ஆனால் டூப்ளெக்சருக்கு அப்பால், கேபிளிலோ கோபுரத்திலோ பிறந்து, ரிசீவரின் அலைவரிசையிலேயே வந்து விழும் இரைச்சலை அதனால் தடுக்க இயலாது. வலுவான கதிர்வீச்சு சூழ்ந்த இடத்தில் இரண்டு உலோகத் துண்டுகள் தளர்வாக உரசிக்கொண்டால், அல்லது அவற்றுக்கிடையே துருப் படலம் இருந்தால், அந்த இணைப்பு ஒரு மோசமான டையோடைப் போல நடந்துகொண்டு புதிய அலைவரிசைகளையும் அகன்ற இரைச்சலையும் உற்பத்தி செய்கிறது. பேச்சு அனுப்ப மட்டும் அல்லது கேட்க மட்டும் பயன்படும் நிலையத்தில் இதே தளர்வு இருந்தாலும் யாரும் உணரமாட்டார்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யும் ரிப்பீட்டரை அது செவிடாக்கிவிடும்.

எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை எளிது. காற்று நன்றாக வீசும் நாளில், ரிசீவருக்கு மெல்லிய ஒரு சிக்னலைக் கொடுத்துக்கொண்டு டிரான்ஸ்மிட்டரை இயக்கி நிறுத்திப் பாருங்கள். பிறகு டூப்ளெக்சரின் ஆன்டெனா முனையில் ஆன்டெனாவுக்குப் பதிலாக, ஆற்றலைக் கதிர்வீசாமல் வெப்பமாக்கிவிடும் டம்மி லோடை மாட்டி அதே சோதனையைச் செய்யுங்கள். டம்மி லோடில் இரைச்சல் மறைந்தால் கருவியும் டூப்ளெக்சரும் குற்றமற்றவை. கோளாறு மேலே இருக்கிறது. அதன்பின் டம்மி லோடைக் கேபிளின் மேல்முனைக்குக் கொண்டுபோய் மாட்டினால் கேபிளா ஆன்டெனாவா என்பதும் பிரிந்துவிடும். ஆள் மேலே இருக்கும்போது டிரான்ஸ்மிட்டர் இயங்கக் கூடாது. அவர் மாட்டிவிட்டு இறங்கிய பின்பே சோதனை.

பல ஆண்டுகளுக்கு முன் மலையுச்சி ரிப்பீட்டர் ஒன்றில் இதே கோளாறை நாங்கள் மூன்று வாரம் தேடினோம். கடைசியில் அது, பழைய ஆன்டெனாவைக் கழற்றியவர்கள் அப்படியே விட்டுச்சென்ற ஒரு யூ போல்ட். நட் கழன்று, காற்று வீசும்போதெல்லாம் கோபுரக் காலைத் தட்டிக்கொண்டிருந்தது. எதையும் தாங்காத, யாருக்கும் பயன்படாத அந்த இரும்புத் துண்டு அகற்றப்பட்டதும் 40 கிலோமீட்டர் தொலைவிலிருந்த நிலையங்கள் மீண்டும் கேட்டன. அன்றிலிருந்து கோபுரத்தில் ஏறும் ஒவ்வொருவரிடமும் பயன்பாட்டில் இல்லாத இரும்பு எதையும் மேலே விட்டுவைக்காதீர்கள் என்று சொல்லி வருகிறேன்.

உங்கள் இடத்துக்கே உரிய மற்றொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய உருளையைச் சீரான காற்று கடக்கும்போது அதன் பின்னால் இருபுறமும் மாறி மாறிச் சுழிகள் பிரிகின்றன. நொடிக்கு 6 மீட்டர் வேகக் காற்றில் 5 சென்டிமீட்டர் குழாய் நொடிக்குச் சுமார் 24 முறை இப்படித் தள்ளப்படுகிறது. ஒரு நாளில் 20 லட்சம் முறைக்கும் மேல். இந்தத் தட்டல் குழாயின் இயல்பான அதிர்வு ஒன்றோடு ஒத்துப்போனால், புயல் உடைக்காததை இளங்காற்று உடைத்துவிடும்: ஃபைபர்கிளாஸ் உறைக்குள் இருக்கும் பற்றவைப்புகள் விரிசல் விடுவதும், நட்கள் தாமாகக் கழல்வதும் இவ்வாறே. அதனால் உங்கள் ஊரில் ஒவ்வொரு நட்டுக்கும் பூட்டு நட் அல்லது நைலான் வளையமிட்ட நட் கட்டாயம். இணைப்பு நிலையத்துக்கான யாகி ஆன்டெனாவின் அலுமினியக் குழாய்கள் ஊளையிடுவதைக் கேட்டிருப்பீர்கள்; அவற்றுக்குள் ஒரு துண்டுக் கயிற்றைச் செருகி முனையை மூடிவிட்டால் அதிர்வு அடங்கிவிடும்.

கேபிளையும் பாருங்கள். அலுமினியத் தாளும் பின்னலும் சேர்ந்த உறையுள்ள கேபிள், அறைக்குள்ளும் சாதாரண நிலையங்களிலும் நன்றாகவே உழைக்கிறது; ரிப்பீட்டரில், காற்றில் அசைந்து அசைந்து தாளும் பின்னலும் உரசத் தொடங்கியதும் இரைச்சலின் ஊற்றாகிவிடும். நெளிவுள்ள செப்புக் குழாய் உறை கொண்ட அரை அங்குலக் கேபிளே ஏற்றது. இழப்பிலும் அதுவே மேல்: 150 மெகா ஹெர்ட்ஸில் 100 மீட்டருக்குச் சுமார் 2.8 டெசிபெல்தான், பழைய வகைப் பின்னல் கேபிளிலோ ஏறத்தாழ 9 டெசிபெல். அதை ஒரு மீட்டருக்கு ஒரு பிடி வீதம் கோபுரக் காலோடு இறுகப் பிணைத்து, மேல்முனையில் ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் இடையே வளையும் தன்மையுள்ள சிறு இணைப்புக் கேபிளைத் தளர்வான வளைவோடு விடுங்கள். ஆன்டெனாவின் அசைவு கனெக்டருக்குப் போய்ச் சேராமல் இருப்பதற்கும், மழைநீர் வளைவின் அடியில் சொட்டிவிடுவதற்கும் அந்த ஒரே வளைவு போதுமானது.

தூத்துக்குடி வாசகர்

கேள்வி: உப்புக் காற்றில் கிளாம்ப்புகள் இரண்டே ஆண்டில் துருப்பிடிக்கின்றன. பெயின்ட் அடித்தால் போதுமா?

பதில்: போதாது. வெட்டி, துளையிட்டு, வெல்டிங் செய்து முடித்த பிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த கிளாம்ப்புகளையே வாங்குங்கள். முக்கியெடுத்ததன் பின் துளையிட்டால் அந்தத் துளையிலிருந்தே துரு தொடங்கும். போல்ட்டும் நட்டும் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். ஒரே உலோகத்தாலான நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளாதிருக்க மரையில் அதற்குரிய பசையைத் தடவிய பின் முறுக்குங்கள். துத்தநாகம் பூசிய இரும்பின் மீது வெறும் செம்பை நேராக வைத்துக் கட்டவே கூடாது. ஈரம் பட்டதும் துத்தநாகம் கரைந்துபோகும்.

மதுரை வாசகர்

கேள்வி: மொட்டை மாடியில் 12 மீட்டர் பைப் கோபுரம் ஒன்றை, சுற்றிலும் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளோடு நிறுத்த எண்ணுகிறேன். கம்பிகளை எவ்வளவு இறுக்க வேண்டும்? நண்பர் ஒருவர் வீணைத் தந்தி போல் இறுக்கச் சொல்கிறார்.

பதில்: உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருந்தாலும் அந்த யோசனையை ஏற்க வேண்டாம். ஸ்டே கம்பியின் முன் இழுவிசை, அந்தக் கம்பி அறுபடும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருப்பதே வழக்கம். அதற்குக் குறைவாக இருந்தால் கோபுரம் ஒருபுறம் போய் மோதித் திரும்பும். அதற்கு மிகுதியாக இருந்தால், கம்பிகள் எல்லாம் சேர்ந்து கோபுரத்தைக் கீழ்நோக்கி அமுக்கும் விசை, காற்றே இல்லாத நாளிலும் பைப்பை வளைக்கப் பார்க்கும். இழுவிசையை அளக்கும் கருவியைக் கடன் வாங்கியாவது அளந்துவிடுங்கள். கையால் தட்டிப் பார்த்து மதிப்பிடுவதில் அனுபவசாலிகளும் ஏமாந்திருக்கிறார்கள்.

எனக்குக் கவலை தருவது மாடியின் அளவு. ஸ்டே நங்கூரங்கள் கோபுரத்தின் அடியிலிருந்து அதன் உயரத்தில் 60 முதல் 80 சதவீதத் தொலைவில், உங்களுக்கு 7 முதல் 9.5 மீட்டர் தள்ளி, 120 பாகைக்கு ஒன்றாக மூன்று திசைகளில் அமைய வேண்டும். நங்கூரம் கிட்டே வரவர அதே காற்றைத் தாங்கக் கம்பியில் இழுவிசை ஏறிக்கொண்டே போகும், தளத்தின் மீதான அமுக்கமும் ஏறும். மாடி சிறியதென்றால் உயரத்தைக் குறையுங்கள். நங்கூரத்தைக் கைப்பிடிச் சுவரில் போடாதீர்கள்; தூண் அல்லது உத்திரத்தின் மேல், கட்டடப் பொறியாளர் ஒருவரின் ஒப்புதலோடு போடுங்கள்.

கம்பியாக, மின்வாரியத்தார் கம்பங்களுக்குக் கட்டும் ஏழு இழை ஸ்டே கம்பியின் மெல்லிய வகை போதும். கம்பியின் நடுவே முட்டை வடிவப் பீங்கான் இன்சுலேட்டரைக் கோப்பதாக இருந்தால் இரு கம்பிகளின் வளையங்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னும்படி கோத்துவிடுங்கள். பீங்கான் உடைந்தாலும் கம்பி விழாது. கம்பியை மடித்துக் கிளிப் போடும்போது, கிளிப்பின் யூ வடிவப் பகுதி வெட்டுமுனைக் கம்பியின் மீதும், பள்ளமுள்ள அடிப்பகுதி சுமை தாங்கும் கம்பியின் மீதும் அமைய வேண்டும். மாற்றிப் போட்டால் யூ போல்ட் சுமைக்கம்பியை நசுக்கிப் பலவீனமாக்கும். ஒரு முனைக்கு மூன்று கிளிப்புகள் போடுங்கள். கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளை முறுக்கி முடித்ததும், அதன் நடுவில் எட்டு வடிவில் ஒரு துண்டுக் கம்பியைக் கோத்துக் கட்டிவிட்டால் அது அதிர்வில் தானாகச் சுழன்று தளராது. கோபுரம் நேராக நிற்கிறதா என்பதைக் கொத்தனாரின் தூக்குக்குண்டு கொண்டே பார்த்துவிடலாம். 400க்கு 1 என்பது ஏற்கப்படும் சாய்வு, உங்கள் 12 மீட்டருக்கு அது 3 சென்டிமீட்டர்.

ஏற்காடு வாசகர்

கேள்வி: கோடை மழையில் இடி அதிகம். ஆன்டெனாவை உச்சியில் வைக்கவா, பக்கவாட்டில் வைக்கவா?

பதில்: சேர்வராயன் மலையில் என்றால் பக்கவாட்டிலேயே வையுங்கள். ஆன்டெனாவின் நுனியைவிடக் கோபுரத்தின் உச்சியும் அதன் மேல் நிற்கும் இடிதாங்கிக் கம்பியும் உயர்ந்திருந்தால், நேரடி இடி பெரும்பாலும் இரும்பின் மீது விழும். உங்கள் மலை ஏற்கெனவே 1500 மீட்டர் உயரத்தைத் தந்துவிட்டதால், கோபுரத்தில் 5 மீட்டர் கீழே இறங்குவதால் இழப்பு ஒன்றும் இல்லை. கேபிளின் செப்பு உறையைக் கோபுரத்தின் மேற்பகுதியிலும், கேபிள் கோபுரத்தை விட்டு வளையும் இடத்துக்குச் சற்று மேலேயும், அறைக்குள் நுழையும் இடத்திலும் எர்த் செய்யுங்கள். உங்கள் ஊரில் மெல்லிய மண்ணுக்கடியில் சார்னோகைட் பாறை இருப்பதால் எர்த் கம்பியை ஆழமாக இறக்க முடியாது. துத்தநாகம் பூசிய பட்டைகளைக் கோபுரத்தின் அடியிலிருந்து பல திசைகளில் கிடைமட்டமாகப் புதைத்து, சுற்றிலும் பென்டோனைட் களிமண் இடுவதே வழி. கோபுரத்து எர்த்தும் அறையின் மின்சார எர்த்தும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் செய்தும் கருவி கருகும்.

திருச்சிராப்பள்ளி வாசகர்

கேள்வி: 36 மீட்டரில் உள்ள ஆன்டெனாவை 49 மீட்டருக்கு உயர்த்தினால் எவ்வளவு தூரம் கூடும்? டூப்ளெக்சர் இல்லாமல் இரண்டு ஆன்டெனாக்களை வைத்துச் சமாளிக்க முடியுமா?

பதில்: ரேடியோ தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில், உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கிடைக்கும். 36 மீட்டருக்கு 24.7 கிலோமீட்டர், 49 மீட்டருக்கு 28.8. கூடுவது 4 கிலோமீட்டர். அதற்காகக் காற்றுச் சுமையையும், கேபிள் நீளத்தையும், உயரத்துக்கான அனுமதி வேலைகளையும் ஏற்பதைவிட, இருக்கும் உயரத்தில் நல்ல கேபிளும் உறுதியான கிளாம்ப்பும் போடுவதையே நான் விரும்புவேன்.

இரண்டு ஆன்டெனாக்களை ஒன்றின் மேல் ஒன்றாக 6 மீட்டர் இடைவெளி விட்டு வைத்தால் சுமார் 46 டெசிபெலும், 12 மீட்டர் விட்டால் சுமார் 58 டெசிபெலும் பிரிவு கிடைக்கும். பக்கம் பக்கமாக 6 மீட்டரில் வைத்தால் 31 டெசிபெல்கூட முழுதாகத் தேறாது. தேவையோ 80 முதல் 90 டெசிபெல். ஆகவே குழி வடிப்பான்கள் (டூப்ளெக்சரில் இருப்பது போன்ற, வேண்டாத அலைவரிசையைத் தடுக்கும் உலோகக் கலங்கள்) இல்லாமல் முடியாது. அவற்றோடு சேர்த்துச் செய்வதானாலும், ஒரு ஆன்டெனா மற்றொன்றின் நேர் உச்சியில் நின்றால்தான் இந்தப் பிரிவு கிடைக்கும். மேலுள்ளது சாய்ந்தாலோ ஆடினாலோ அது சரிந்துவிடும்.

நாமக்கல் வாசகர்

கேள்வி: எங்கள் குழுவில் இளைஞர்கள் இடுப்பு பெல்ட் மட்டும் கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். சோதனைக்கு எத்தனை மாதத்துக்கு ஒரு முறை ஏற வேண்டும்?

பதில்: இடுப்பு பெல்ட், நின்று வேலை செய்ய உதவுமே தவிர விழுவதைத் தடுக்காது, விழுந்தவரின் முதுகெலும்பையும் வயிற்றையும் அதுவே சேதப்படுத்தும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிணைக்கும் முழு உடல் கச்சையும், இரட்டைக் கொக்கிக் கயிறும் இல்லாமல் ஒருவரும் ஏறக் கூடாது. ஒரு கொக்கியை மேலே மாட்டிய பின்புதான் மற்றதைக் கழற்ற வேண்டும். இரண்டும் ஒருசேரக் கழன்றிருக்கும் கணம் என ஒன்று இருக்கவே கூடாது. கீழே நிற்பவர்கள் தலைக்கவசம் அணிந்து, கோபுரத்தின் நேர் அடியிலிருந்து விலகி நிற்கட்டும். கருவிகளைப் பையில் வைத்துக் கயிற்றில் தூக்குங்கள். டிரான்ஸ்மிட்டரின் மின் இணைப்பைத் துண்டித்து, அதன் ஃப்யூஸை ஏறுபவரே தன் பையில் வைத்துக்கொள்ளட்டும். ஆள் மேலே இருக்கும்போது எந்த ஸ்டே கம்பியையும் தளர்த்தக் கூடாது. தொலைவில் இடிச் சத்தம் கேட்டாலே இறங்கிவிட வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு முறை ஏறினால் போதுமானது: ஒன்று வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில்; மற்றொன்று மழை ஓய்ந்த பின், ஜனவரியில். புயல் கடந்தால் அதற்கென ஒரு முறை தனியாக. முதல் முறை இறுக்கும்போதே ஒவ்வொரு நட்டின் மீதும் போல்ட்டின் மீதும் சேர்த்து ஒரே கோடாகப் பெயின்ட் தீட்டிவிடுங்கள். அடுத்த முறை ஏறுபவர் எல்லாவற்றையும் ஸ்பேனரால் திருகிப் பார்க்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் கோடு விலகியிருக்கிறதோ அந்த நட்டை மட்டும் இறுக்கிவிட்டு, எண்ணையும் தேதியையும் அறையில் இருக்கும் பதிவேட்டில் எழுதிவைக்கட்டும். ஒரே நட் இரண்டாம் முறையும் விலகியிருந்தால் அதை மீண்டும் இறுக்காமல், அந்தக் கிளாம்ப்பையே கழற்றிக் கீழே கொண்டுவந்து பாருங்கள்.